வெப்பக் கட்டத்தில் இரண்டு கோடு

ஆபரேஷன் தியேட்டர் மானிட்டரில் கேட்பாரற்ற மூலை ஒன்று உண்டு. இதயத் துடிப்புக்கு எண் இருக்கும், இரத்த அழுத்தத்துக்கு இருக்கும், ஆக்ஸிஜனுக்கு இருக்கும். கீழே ஓரமாக ‘டெம்ப்’ என்று போட்டு, அதற்கு நேராக இரண்டு சின்னக் கோடுகள் மட்டும். மதுரையில் நான் மயக்க மருந்து கொடுக்கப் போகும் தியேட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டம் இப்படித்தான் கிடக்கிறது. மானிட்டர் நல்ல மானிட்டர்தான். வெப்பத்தை அளக்க அதற்குத் தெரியும், பக்கவாட்டில் அதற்கான துளையும் இருக்கிறது. அதில் செருக வேண்டிய புரோப், அதாவது வெப்பத்தை உணரும் கம்பி, எங்கே என்று கேட்டால் சிஸ்டர் ஒரு டிராயரைத் திறப்பார், இன்னொரு டிராயரைத் திறப்பார், அப்புறம் “போன வருஷம் இங்கதான் டாக்டர் இருந்துச்சு” என்பார்.

நான் எந்த ஆஸ்பத்திரியிலும் நிரந்தரமாக வேலை பார்க்கிற ஆள் இல்லை. காலையில் கே.கே. நகரில் ஒரு பித்தப்பை, மதியம் திருமங்கலத்தில் ஒரு சிசேரியன், ராத்திரி போன் வந்தால் உசிலம்பட்டியில் ஒரு இடுப்பெலும்பு முறிவு என்று காரில் பெட்டியைப் போட்டுக்கொண்டு அலைகிற மயக்க மருத்துவர். இந்த ஊரில் என்னைப் போல நிறையப் பேர் உண்டு. போகிற இடத்தில் என்ன மானிட்டர் இருக்கிறதோ அதோடுதான் அன்றைய குடித்தனம். அதனால் அந்தக் காலிக் கட்டத்தை எதைக் கொண்டு நிரப்புவது, நிரப்பினால் அந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பது எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. உடம்புக்குள் எதையும் விடாமல் நெற்றியிலோ காதிலோ வைத்து உள்வெப்பத்தைச் சொல்லிவிடுகிறோம் என்று வருகிற கருவிகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

முதலில் மதுரையில் குளிரைப் பற்றிப் பேசுவதே வேடிக்கையாக இருக்கும் என்று தெரியும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி. கோரிப்பாளையம் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் தலை வெந்துவிடும். ஆனால் தியேட்டருக்குள் ஏ.சி. 18 அல்லது 20-ல் ஓடும். சர்ஜன் இரண்டு அடுக்கு உடை, மாஸ்க், தொப்பி, மேலே விளக்கு என்று நிற்கிறார், அவருக்கு வேர்க்கும். மேஜையில் இருக்கிறவருக்கோ ஒரு மெல்லிய துணி. வயிற்றிலும் தொடையிலும் கிருமிநாசினி மருந்தை ஈரமாகத் தடவியிருப்பார்கள். “ஏ.சி.யக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா சார்?” என்று கேட்டால், “மேடம், நான் மயங்கி விழுந்தா என்னையும் சேர்த்துப் பாக்கணும் நீங்க” என்று பதில் வரும். இந்த உரையாடல் எல்லா ஊர் தியேட்டர்களிலும் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏ.சி. இரண்டாவது குற்றவாளிதான். முதல் குற்றவாளி நான் கொடுக்கிற மருந்து. விழித்திருக்கும் உடம்பு தன் உள்வெப்பத்தைச் சில பத்தில் ஒரு பங்கு டிகிரிக்குள் கட்டிக் காக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் கை கால் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சிலும் வயிற்றிலும் மூளையிலும் தேக்கி வைக்கும். மயக்க மருந்து அந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. குழாய்கள் விரிகின்றன, உள்ளே இருந்த சூடு கை கால்களுக்கு ஓடிவிடுகிறது. உடம்பில் மொத்தச் சூடு அவ்வளவாகக் குறையாமலே, முதல் ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஏ.சி.யும், திறந்த வயிறும், குளிர்ந்த குளுக்கோஸ் பாட்டிலும் தங்கள் பங்கைச் செய்கின்றன. அறை வெப்பத்தில் இருக்கும் திரவம் ஒரு லிட்டர் ஏற்றினால் பெரியவர் ஒருவரின் உடல் வெப்பம் சராசரியாக கால் டிகிரி குறையும் என்பது எங்கள் படிப்பில் மனப்பாடக் கணக்கு.

இதில் மதுரை வெயிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மே மாதத்தில் சாதாரண வார்டிலிருந்து நேராக மேஜைக்கு வருகிறவரின் கை கால் ஏற்கெனவே சூடாக இருக்கும். உள்ளிருந்து சூடு ஓடிப்போக இடம் குறைவு. வெளிநாட்டில் இதையே சூடான காற்றுப் போர்வையால் மயக்கத்துக்கு முன்பே செய்கிறார்கள். நமக்குச் சூரியன் இலவசமாகச் செய்து தருகிறது. ஆனால் என்ன நடக்கிறது? முந்தைய ஆபரேஷன் முடியவில்லை என்று நோயாளியை ஒரு கவுனோடு தியேட்டர் வாசலில், ஏ.சி. காற்றுக்கு நேராக, முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிடுகிறோம். வெயில் கொடுத்தது அங்கேயே போய்விடும்.

குளிர்ந்தால் என்ன கெட்டுப்போகும்? 1996-ல் குர்ஸ், செஸ்லர், லென்ஹார்ட் ஆகியோர் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதியினரைச் சூடாக வைத்தார்கள், மறு பாதியினரை வழக்கம்போல விட்டார்கள். சூடாக இருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது. குளிர்ந்தவர்களில் 19 சதவீதம். அவர்களுடைய சராசரி உள்வெப்பம் 34.7 டிகிரிதான். இரத்தம் உறைவது மந்தமாகும், மருந்துகள் உடம்பை விட்டுப் போக நேரமாகும், இதய நோயாளிகளுக்குத் தொல்லை கூடும் என்று அந்தப் பத்தாண்டிலேயே அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. 36 டிகிரி என்ற கோடு அப்படித்தான் எங்கள் மனதில் பதிந்தது. வீட்டுக் காய்ச்சல் கணக்கில் சொன்னால் அது 96.8.

பிறகு 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. பெரும்பாலும் சீன மருத்துவமனைகளில், 5,056 பேர். ஒரு குழுவை 37-ல் வைக்க முயன்றார்கள், மற்றொன்றை 35.5-ல். இதயப் பாதிப்பில் வித்தியாசமே இல்லை: 9.9 சதவீதமும் 9.6 சதவீதமும். இதைப் படித்துவிட்டு “அப்ப வார்மர் வாங்க வேண்டாம்ல?” என்று ஒரு நிர்வாகி என்னிடம் மகிழ்ச்சியாகக் கேட்டார். எனக்கு அந்த ஆய்வு சொன்னது வேறு. 34.7 மோசம், 35.5 பரவாயில்லை என்றால், இரண்டுக்கும் நடுவில் ஒரு டிகிரிகூட இல்லை. அந்த இடைவெளியில் நோயாளி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொல்ல, அரை டிகிரிக்கு மேல் தடுமாறாத ஒரு கருவி வேண்டும். அளவு சரியாக இருக்க வேண்டிய அவசியம் இந்த ஆய்வால் கூடியதே தவிரக் குறையவில்லை.

உள்வெப்பத்தை நேராக அளக்கும் இடங்கள் சில உண்டு. நுரையீரல் தமனிக்குள் போகும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய்தான் உரைகல். ஆனால் அது இதய அறுவைக்காரர்களின் சொத்து. அடுத்தது உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி, இதயத்துக்குப் பின்னால், வாயிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. ஆழத்தில். புரோபை அவ்வளவு தூரம் விடாமல் பாதியில் நிறுத்தினால் மூச்சுக்குழாயில் போகும் குளிர்ந்த வாயு அதைக் குளிரவைத்துப் பொய் சொல்ல வைக்கும். மூக்கு வழியே தொண்டை மேற்பகுதிக்கு விடலாம். அதற்கும் போதிய ஆழம் வேண்டும். மூத்திரப்பை ஓரளவு நல்லது. சிறுநீர் குறைவாகப் போனால் மெதுவாகத்தான் உண்மையைச் சொல்லும். இவையெல்லாம் முழு மயக்கத்தில், குழாய் போட்டுத் தூங்குகிறவருக்குச் சரி. புரோப் கையில் இருந்தால் எனக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை.

என் கவலை முதுகில் ஊசி போட்டுக்கொண்டு விழித்தபடி படுத்திருப்பவரைப் பற்றியது. மதுரையைச் சுற்றியுள்ள சின்ன நர்ஸிங் ஹோம்களில் என் வேலையில் பெரும்பங்கு அதுதான். சிசேரியன், கர்ப்பப்பை, குடலிறக்கம், புராஸ்டேட், கால் எலும்பு எல்லாமே முதுகு ஊசியில்தான் நடக்கும். ‘முழு மயக்கம் இல்லை’ என்பதால் வீட்டாருக்கும் நிம்மதி, டாக்டருக்கும் நிம்மதி, பில்லுக்கும் நிம்மதி. ஆனால் முதுகு ஊசியும் இடுப்புக்குக் கீழே இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. மேலே சொன்ன அதே ஓட்டம், கால்களை நோக்கி. கூடவே ஒரு ஏமாற்று வேலையும் நடக்கிறது: மரத்துப்போன பாதி உடம்பிலிருந்து ‘குளிர்கிறது’ என்ற சேதி மூளைக்குப் போவதில்லை. விரிந்த குழாய்களால் கால்கள் வெதுவெதுப்பாக இருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

சோழவந்தான் பக்கத்து அம்மா ஒருவர். தொடை எலும்பு முறிவு, எழுபது வயதுக்கு மேல். ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து, “குளிருதாம்மா?” என்று கேட்டேன். “இல்ல டாக்டரம்மா, நல்லா சொகமாத்தான் இருக்கு” என்றார். நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்தேன். 35.3. சுகமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மை, அந்த எண்ணும் உண்மை. ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்த பிறகு நடுக்கம் தொடங்கியது. கட்டில் ஆடுகிற அளவுக்கு. மகன் ஓடிவந்து, “ஆத்தாவுக்கு ஜன்னி கண்டிருச்சு டாக்டரம்மா” என்று பதறினார். இந்த நேரத்தில் மானிட்டரைப் பார்த்தும் பயனில்லை; நடுக்கத்தில் ஈ.சி.ஜி. கோடு கிறுக்கலாகிவிடும், ஆக்ஸிஜன் எண் வந்து வந்து மறையும். டிரமடாலோ பெத்திடினோ கொஞ்சம் கொடுத்தால் நடுக்கம் அடங்கும். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், நானும் செய்தேன். அடங்குவது நடுக்கம்தான். சூடு தானாக வந்துவிடாது, அதற்குப் போர்வையும் வார்மரும் வேண்டும்.

இவருடைய உணவுக்குழாயில் புரோபை விட முடியாது, குமட்டி எழுந்துவிடுவார். உடம்புக்கு வெளியே இருந்து அளக்கும் கருவி யாருக்காவது வேண்டுமென்றால் அது இவருக்குத்தான். ஆகவே சந்தையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்தத் துப்பாக்கி. கொரோனா காலத்தில் ஜவுளிக்கடை வாசலிலும் கோயில் வாசலிலும் எல்லோர் நெற்றியிலும் நீட்டினார்களே, அதுவே இப்போது பல தியேட்டர்களில் ‘டெம்பரேச்சர் மானிட்டர்’ ஆகியிருக்கிறது. ஏ.சி. காரிலிருந்து இறங்கியவருக்கு 34 காட்டும், வெயிலில் வண்டி ஓட்டி வந்தவருக்கு 38 காட்டும் என்பதை அப்போதே பார்த்திருப்பீர்கள். அது அளப்பது நெற்றித் தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர். தோலின் வெப்பத்தோடு உள்ளே ஒரு கணக்குப் போட்டு, ‘இவ்வளவு இருக்கலாம்’ என்று ஒரு எண்ணைத் தருகிறது. நெற்றித் தோல் உள்வெப்பத்தைவிட ஏறத்தாழ 2 டிகிரி குறைவாக இருக்கும் என்பது சாதாரண நேரத்துக்கான பொதுக் கணக்கு. மேலே ஏ.சி. காற்று அடிக்கிறது, மருந்து குழாய்களை விரிக்கிறது, இன்னொரு மருந்து சுருக்குகிறது என்கிற இடத்தில் அந்த 2 டிகிரி அப்படியே நிற்கும் என்று எதை வைத்து நம்புவது? நெற்றியில் ஒட்டும் நிறம் மாறும் பட்டைகளுக்கும் இதே வியாதிதான். சிலவற்றில் அந்த 2 டிகிரியை அச்சடிக்கும்போதே கூட்டிவிடுகிறார்கள்.

காதுத் தெர்மாமீட்டரின் கதை கொஞ்சம் மேல். செவிப்பறைக்குப் பக்கத்தில் மூளைக்குப் போகும் இரத்தம் ஓடுகிறது என்பதால் அந்த இடம் உண்மையில் நல்ல இடம். செவிப்பறையைத் தொடும்படி மெல்லிய கம்பி வைத்தால் அது நேரான அளவு. கடையில் விற்கும் அகச்சிவப்புக் கருவியோ பெரும்பாலும் செவிப்பறையைப் பார்ப்பதே இல்லை. வளைந்த காதுக் குழியின் சுவரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறது. குறும்பி இருந்தால் குறும்பியைப் பார்க்கிறது.

2015-ல் நிவனும் அவரோடு இருந்தவர்களும் இப்படிப்பட்ட வெளித் தெர்மாமீட்டர்களைப் பற்றிய 75 ஆய்வுகளை, மொத்தம் 8,682 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். நான் மறக்காத வரி அதில் ஒன்று உண்டு. உடம்பு குளிர்ந்த பெரியவர்களிடம் இவை காட்டும் எண், உண்மையிலிருந்து 2.07 டிகிரி கீழே முதல் 1.90 டிகிரி மேலே வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கும் ஆளிடம் சரியாகக் காட்டும். தேவைப்படும் ஆளிடம் தடுமாறும். 34.7-ல் இருப்பவருக்கு 36.4 என்று காட்டினால் நான் போர்வையை எடுக்கக்கூடப் போக மாட்டேன். காலிக் கட்டத்தில் இருக்கும் இரண்டு கோடாவது ‘தெரியாது’ என்று நேர்மையாகச் சொல்கிறது. தப்பான எண் அதையும் சொல்வதில்லை. துப்பாக்கியைத் தியேட்டருக்குள் கொண்டுவரும்போது நான் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே கருவி விற்க வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். பளபளப்பான அட்டையில் இரண்டு வாக்கியம் இருக்கும்: ‘உள்வெப்பத்தோடு மிக நெருங்கிய தொடர்பு’, ‘சராசரி வித்தியாசம் வெறும் 0.1 டிகிரி’. முதல் வாக்கியம் எதையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரு டிகிரி தப்பாகக் காட்டும் கருவியும் உண்மையோடு சேர்ந்து ஏறி இறங்கினால் போதும், தொடர்பு பிரமாதமாக வரும். இரண்டாவது வாக்கியம் இன்னும் தந்திரம். ஒரு கடிகாரம் ஒரு நாள் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது, மறுநாள் பத்து நிமிடம் பின்னால் ஓடுகிறது என்றால் சராசரியில் அது மிகச் சரியான கடிகாரம். ஆனால் அதை நம்பிப் போனால் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க முடியாது. இதைத்தான் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியல்காரர்கள் 1986-ல் லான்செட்டில் எழுதினார்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் இரண்டு கருவிகளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தனித்தனியாகப் புள்ளி வையுங்கள், நூற்றுக்கு 95 புள்ளிகள் எந்த எல்லைக்குள் விழுகின்றன என்று பாருங்கள் என்றார்கள். அட்டையோடு வருகிறவரிடம் நான் கேட்பது அந்த எல்லையை மட்டும்தான். எங்கள் துறையில் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி வரை பொறுக்கலாம் என்று பொதுவாக வைத்திருக்கிறோம். கேட்டவுடன், “மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் மேடம்” என்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் மரியாதைக்குரிய கருவி என்று நான் நினைப்பது ஜீரோ ஹீட் ஃபிளக்ஸ் என்கிற முறையை. ஃபாக்ஸ், சோல்மன் என்ற இருவர் 1971-லேயே சொன்ன யோசனை அது. தோல் ஏன் உள்ளைவிடக் குளிராக இருக்கிறது? உள்ளிருந்து வரும் சூடு தோல் வழியே வெளியே போய்க்கொண்டே இருப்பதால். ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் அந்தச் சூடு வெளியேற முடியாதபடி அடைத்துவிட்டால்? அடைப்பின் உள்பக்கம் ஒரு உணரி, வெளிப்பக்கம் ஒரு உணரி, மேலே ஒரு குட்டி ஹீட்டர். இரண்டு உணரிகளும் ஒரே எண்ணைக் காட்டும் வரை ஹீட்டர் வேலை செய்யும். இரண்டும் சமமாகிவிட்டால் அந்த இடத்தில் சூடு எந்தப் பக்கமும் ஓடவில்லை என்று அர்த்தம். சில நிமிடங்களில் அந்த வட்டத்துத் தோலும், அதற்கு ஒன்று இரண்டு செ.மீ. அடியில் உள்ள திசுவும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். நெற்றியில் இரத்த ஓட்டம் அதிகம், தடித்த கொழுப்போ தசையோ இல்லை. ஆகவே அது உள்வெப்பத்துக்கு நெருக்கமாக இருக்கும். ஹீட்டர் இல்லாமல், உணரிகளுக்கு இடையே ஓடும் சூட்டை அளந்து கணக்குப் போடும் வகையும் உண்டு. துப்பாக்கி தோலைப் பார்த்து ஊகிக்கிறது. இது தோலையே உள்வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அளக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே இதை நான் வேறு வரிசையில் வைக்கிறேன்.

சரி, எல்லை என்ன? 2014-ல் வந்த ஓர் ஆய்வில் இதய அறுவை செய்துகொண்ட 105 பேரிடம் இதை நுரையீரல் தமனி அளவோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக 0.23 டிகிரி குறைவாகக் காட்டியது. அரை டிகிரிக்குள் விழுந்தவை 78 சதவீதம். அந்தச் சிதறலை வைத்துப் பார்த்தால், நெற்றியில் ஒட்டும் இந்த ஸ்டிக்கர் 36.2 என்று காட்டும்போது உண்மை 35.6 முதல் 37.2 வரை இருக்கலாம். உடம்பைக் குளிரவைத்து மறுபடி சூடேற்றும் இதய அறுவை கடினமான பரீட்சை என்பதையும் சொல்ல வேண்டும். அமைதியான வயிற்று அறுவையில் இது இன்னும் நன்றாகவே தேறும். இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் நெற்றியில் துப்பாக்கி போன்ற மறைமுகக் கணிப்புகளைப் பெரியவர்களின் அறுவையில் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டு, இந்த முறையை ஏற்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே பட்டியலில் நாக்கடியும் அக்குளும்கூட இருக்கின்றன. ஆனால் வெப்பம் சாதாரண எல்லைக்கு வெளியே போனால் அவ்விரண்டும் பிசகலாம் என்று ஒரு எச்சரிக்கையோடு.

நெற்றி என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை. ஆபரேஷனுக்கு வருகிற யார் நெற்றி காலியாக இருக்கிறது? மீனாட்சி கோயில் குங்குமம், பாண்டி கோயில் விபூதி, தேங்காய் எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேல் வியர்வை. ஸ்டிக்கர் ஒட்டுவதற்குச் சுத்தமான தோல் வேண்டும். ‘எல்லாத்தையும் துடைங்க’ என்று ஆபரேஷன் காலையில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்களுடைய தைரியத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. நல்லவேளையாக இதை ஒட்ட வேண்டிய இடம் நெற்றியின் நடுவில் இல்லை, புருவத்துக்கு மேலே பக்கவாட்டில். ஓரத்தில் மட்டும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, குங்குமத்தை அப்படியே விட்டுவிடலாம். பட்டை பட்டையாக விபூதி பூசிய தாத்தாக்களிடம்தான் கொஞ்சம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும்.

மற்றொரு தொல்லை காசு. அந்த ஸ்டிக்கர் ஒருவருக்கு ஒட்டியபின் குப்பைக்குப் போக வேண்டியது. உணவுக்குழாய் புரோபையோ கழுவிக் கிருமிநீக்கி மறுபடி பயன்படுத்தும் வகையில் வாங்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் ஆபரேஷனுக்கு இவ்வளவுதான் என்று தொகை கட்டியிருக்கும்போது, ஒவ்வொரு ஸ்டிக்கரும் அந்தத் தொகையிலிருந்துதான் போகிறது. நர்ஸிங் ஹோம்காரர்கள் தயங்குவதை என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம் வேறு. இந்தக் கருவிகள் சரியா தப்பா என்று சோதிக்க ஓர் உரைகல் வேண்டும். உரைகல் என்றால் நுரையீரல் தமனி, அல்லது உணவுக்குழாய். இரண்டையும் வைக்க முடிவது முழு மயக்கத்தில் இருப்பவரிடம். ஆக, வெளியிலிருந்து அளக்கும் கருவியைப் பெரும்பாலும் அது அவ்வளவாகத் தேவைப்படாத நோயாளிகளிடமே சோதிக்கிறார்கள். அதைத் தவிர வேறு வழியில்லாத முதுகு ஊசிக்காரரிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் கைக்கு எட்டுவதில்லை. சிசேரியனில் எப்படியும் மூத்திரக் குழாய் போடுகிறோம். நுனியில் வெப்ப உணரி வைத்த குழாய்கள் உலகத்தில் உண்டு. அதை உரைகல்லாக வைத்துச் சில ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். நான் போகிற இடங்களில் அந்தக் குழாயைக் கண்ணால் கண்டதில்லை. இதய அறுவையில் 78 சதவீதம் தேறிய கருவி, கால்களில் மட்டும் குழாய்கள் விரிந்து, மேல் உடம்பு நடுங்கி, நெற்றி வியர்த்துக் கிடக்கும் ஒரு கர்ப்பிணியிடமும் அப்படியே தேறும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நெருக்கமாகக் காட்டலாம். அந்த ‘லாம்’ தீரும் வரை அதன் எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் மாட்டேன்.

ஆகவே இப்போதைக்கு என் பழக்கம் இது. முழு மயக்கம், அரை மணிக்கு மேல் என்றால் உணவுக்குழாய் புரோப். அது என் பெட்டியிலேயே இருக்கிறது, யார் டிராயரையும் நம்புவதில்லை. இதற்குக் குளிரைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு: சில மயக்க வாயுக்களும், தசையைத் தளர்த்தும் சக்ஸமெதோனியம் என்ற மருந்தும் அபூர்வமாகச் சிலருக்கு உடம்பைக் கொதிக்க வைத்துவிடும். அந்த நேரத்தில் ஊகம் செய்துகொண்டிருக்க முடியாது.

முதுகு ஊசி என்றால் நாக்கடித் தெர்மாமீட்டர்: ஊசிக்கு முன் ஒரு தடவை, பிறகு அரை மணிக்கு ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை. பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது காய்ச்சலுக்காகச் செய்தது, அதில் கோடுகளே 35-லிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே போனவர் அதில் தெரியவே மாட்டார். 32 வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் ஒன்று மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது. நாக்கின் அடியில், நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் உள்ளே தள்ளி வைத்து, வாயை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர் டீ குடித்திருக்க மாட்டார் என்பது ஒரு வசதி. வாயால் மூச்சு விடுகிறவர் என்றால் எண் குறையும் என்பது ஒரு வசதிக்குறைவு. 36-க்குக் கீழே வந்தால் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் போர்த்துகிறேன், திரவத்தைச் சூடாக்குகிறேன், ஏ.சி.க்காக சர்ஜனோடு மறுபடி பேச்சுவார்த்தைக்குப் போகிறேன். வெந்நீர் பாட்டிலை நோயாளியின் பக்கத்தில் வைப்பதை மட்டும் எங்கு பார்த்தாலும் எடுத்துவிடச் சொல்கிறேன். மரத்துப்போன காலுக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

வயதானவர், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் எலும்பு அறுவை, இதயம் சுமார் என்றால் ஸ்டிக்கருக்குக் கேட்கிறேன். ஓரிடத்தில் ஒரு பெட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் முதலில் முழு மயக்க நோயாளிகளிடம் உணவுக்குழாய் புரோபோடு சேர்த்து ஒட்டி, மயக்கச் சீட்டில் இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எழுதப் போகிறேன். அதே மானிட்டர், அதே ஏ.சி., அதே எண்ணெய் நெற்றி. அப்புறம்தான் அதை முதுகு ஊசிக்காரருக்கு ஒட்டுவேன். பெட்டியோடு அலைகிற மற்ற மயக்க மருத்துவர்கள் யாராவது ஏற்கெனவே இப்படிக் குறித்து வைத்திருந்தால் எழுதுங்கள். வித்தியாசத்தின் சராசரி வேண்டாம், ஒவ்வொரு ஜோடி எண்ணையும் அப்படியே அனுப்புங்கள்.